சேலத்து டிடிபி கடைக்கு லினக்ஸ்: எல்லா விண்டோவும் ஒரே முகமாகத் தெரிய

சேலத்தில் கல்யாணப் பத்திரிகை, பில் புக், ஃப்ளெக்ஸ் டிசைன் செய்யும் ஒரு சின்னக் கடைக்கு லினக்ஸ் போட்டுக் கொடுங்கள். வேகத்தைப் பற்றியோ வைரஸைப் பற்றியோ யாரும் முதலில் பேச மாட்டார்கள். "ஏங்க, இந்த விண்டோல ஓகே வலது பக்கம் இருக்கு, அதுல இடது பக்கம் இருக்கு, இன்னொண்ணுல எழுத்தே பொடிசா தெரியுதுங்க" என்பதுதான் முதலில் வரும் புகார். அது முழுக்க நியாயமான புகார். ஒரே கணினியில் காலையில் ஒருவர், சாயங்காலம் இன்னொருவர், முகூர்த்த மாதத்தில் இரவுக்குத் தனியாக ஒருவர் என்று மாறி மாறி உட்காரும் இடத்தில், கை பழகிய இடத்தில் பட்டன் இல்லையென்றால் வேலை தடுமாறும்.

இதற்குப் பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது, இணையத்தில் ஒரு அழகான தீம் தேடி இறக்கிப் போடுவது. என் கருத்தில் அது கடைசியாகச் செய்ய வேண்டியது. முதலில் எழுத்துரு, அடுத்து ஃபைல் திறக்கும் டயலாக், பிறகு வெளிர் நிறமா கருமை நிறமா என்ற முடிவு, பிறகு டைட்டில் பார், கர்சர், ஐகான். இத்தனையும் சரியானால் தீம் மாற்ற வேண்டிய தேவையே பாதி இடங்களில் இருக்காது.

இந்தப் பதிவுக்கு நான் எடுத்துக்கொள்வது லினக்ஸ் மின்ட் 22, சினமன் டெஸ்க்டாப், 1366×768 திரை. கடையில் ஓடும் செயலிகள் ஐந்து: லிப்ரே ஆபீஸ், ஜிம்ப் (படம் திருத்த), இங்க்ஸ்கேப் (வெக்டர் டிசைனுக்கு), ஸ்க்ரைபஸ் (பக்க வடிவமைப்புக்கு), ஃபயர்ஃபாக்ஸ். கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்தே எழுதுகிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

இந்த ஐந்தும் ஏன் ஐந்து விதமாகத் தெரிகின்றன? ஒவ்வொன்றும் பட்டனையும் மெனுவையும் வரைய ஜிடிகே, கியூட்டி என்று வேறு வேறு டூல்கிட்டை, அதாவது வரைகலை நூலகத்தை, நம்பியிருப்பதால்தான். மின்ட் 22-ன் களஞ்சியத்தில் (மின்ட்டே தரும் செயலித் தொகுப்பில்) உள்ள ஜிம்ப் 2.10 இன்னும் ஜிடிகே 2-ல் இருக்கிறது. ஜிடிகே 2 வந்தது 2002-ல். ஜிம்ப் ஜிடிகே 3-க்கு மாறியது 2025 மார்ச்சில் வெளிவந்த 3.0-ல்தான். இங்க்ஸ்கேப் 2020-ல் வந்த 1.0 முதலே ஜிடிகே 3. ஸ்க்ரைபஸ் கியூட்டி 5. லிப்ரே ஆபீஸுக்கு விசிஎல் என்று சொந்தமாக ஒரு அடுக்கு உண்டு, அது கணினியில் இருக்கும் டூல்கிட்டைக் கடன் வாங்கி வரையும். ஃபயர்ஃபாக்ஸ் தானே வரைந்துகொள்ளும், ஜிடிகேயிடம் நிறத்தையும் டயலாக்கையும் மட்டும் கேட்கும்.

இந்தப் பிரிவு பழையது. கேடிஇ டெஸ்க்டாப் 1996-ல் கியூட்டி மேல் தொடங்கியது. க்னோம் டெஸ்க்டாப் 1997-ல் ஜிடிகே மேல் தொடங்கியது. இரண்டையும் ஒரே தோற்றத்துக்குக் கொண்டுவர ரெட் ஹேட் 2002-ல் தன் 8.0 பதிப்பில் புளூகர்வ் என்ற தீமை இரண்டு டெஸ்க்டாப்புக்கும் சேர்த்துப் போட்டது. 2005-ல் டேங்கோ திட்டம் ஐகான்களின் பெயரையும் பாணியையும் ஒழுங்குபடுத்த முயன்றது. ஐகான் பெயரிடலில் இன்றைக்கு இருக்கும் பொது ஒழுங்குக்கு ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் விதிமுறைகளும் அந்த முயற்சியும்தான் காரணம். பட்டன் வரையும் முறை மட்டும் கடைசிவரை ஒன்றாகவில்லை.

எழுத்துரு

தமிழ் பயன்படுத்தும் கணினியில் கண்ணை முதலில் உறுத்துவது எழுத்துருதான். மெனு ஆங்கிலத்தில் இருக்கும், ஃபைல் பெயர் தமிழில் இருக்கும். மின்ட்டின் இயல்பு எழுத்துருவான உபுண்டுவில் தமிழ் கிடையாது. அதனால் தமிழ் எழுத்து வரும்போதெல்லாம் ஃபான்ட்கான்ஃபிக் என்ற நூலகம் கணினியில் இருக்கும் ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவைத் தேடி எடுத்துப் போடும். லோஹித் தமிழ், சம்யக், மீரா, நோட்டோ என்று நான்கைந்து நிறுவப்பட்டிருந்தால் எது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. ஃபைல் மேனேஜரில் ஒன்றும் ஸ்க்ரைபஸ் மெனுவில் இன்னொன்றும் வர வாய்ப்பு உண்டு.

இப்போது எது வருகிறது என்று பார்க்க எஃப்சி-மேட்ச் கட்டளைக்கு சான்ஸ்-செரிஃப் என்று எழுதி, இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி வைத்து, லாங் சமம் டிஏ என்று கொடுங்கள். ஒரே வரியில் எழுத்துருவின் பெயர் வரும். லோஹித் வந்தால் உடனே மாற்றச் சொல்வேன். லோஹித் தமிழ் நல்ல எழுத்துரு, ஆனால் அதில் சாதாரண தடிமன் மட்டும்தான் உண்டு. டைட்டில் பாரில் தடித்த எழுத்து கேட்கும்போது கணினி அதே எழுத்தைச் செயற்கையாகக் கனமாக்குகிறது. அப்போது 'ண்', 'ஞ்' போன்ற எழுத்துகளின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர், ஃபான்ட்ஸ்-நோட்டோ-யுஐ-கோர் என்ற இரண்டு பேக்கேஜையும் நிறுவினால் நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் யுஐ என இரண்டு வரும். எழுத்து வடிவம் ஏறத்தாழ ஒன்றேதான். வித்தியாசம் வரி உயரத்தில். சாதாரண நோட்டோ தமிழ் மேலும் கீழும் தாராளமாக இடம் கேட்கும், பத்திரிகை உள்ளடக்கத்துக்கு அது சரி. மெனுவிலும் பட்டனிலும் அந்த உயரம் வந்தால், தமிழ் பெயர் உள்ள வரி மட்டும் உப்பி, ஆங்கில வரிகள் ஒடுங்கி, பட்டியல் முழுக்க ஏறி இறங்கித் தெரியும். யுஐ வகை அந்த உயரத்தைக் குறைத்து, ஆங்கில எழுத்தின் வரிக்குள் அடங்கும்படி செய்யப்பட்டது. மெனுவுக்கு யுஐ, ஆவணத்துக்குச் சாதாரணம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அமைக்கும் முறை இது. ஹோம் அடைவில் டாட்-கான்ஃபிக் உள்ளே ஃபான்ட்கான்ஃபிக் என்ற அடைவை உருவாக்கி, அதில் ஃபான்ட்ஸ் டாட் கான்ஃப் என்ற ஃபைலை வையுங்கள். அதில் சான்ஸ்-செரிஃப் என்ற பொதுப் பெயருக்கு ஒரு ஏலியஸ் (மாற்றுப் பெயர்ப் பகுதி) எழுதி, ப்ரிஃபர் பகுதியில் முதலில் நோட்டோ சான்ஸ், இரண்டாவது நோட்டோ சான்ஸ் தமிழ் யுஐ, மூன்றாவது நோட்டோ சான்ஸ் தமிழ் என்று வரிசைப்படுத்துங்கள். செரிஃபுக்கும் மோனோஸ்பேஸுக்கும் இதே போலத் தனித்தனி ஏலியஸ். பிறகு எஃப்சி-கேஷ் கட்டளையை மைனஸ் எஃப் சேர்த்து ஓட்டி, லாக் அவுட் செய்து உள்ளே வாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் செயலிகள் பழைய பட்டியலையே வைத்திருக்கும் என்பதால், லாக் அவுட் செய்யாமல் "வேலை செய்யவில்லை" என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள். கடையில் ஒரே கணினியில் இரண்டு மூன்று பயனர் கணக்கு இருந்தால் ஹோமில் வைக்காமல் ஈடிசி அடைவின் ஃபான்ட்ஸ் உள்ளே லோக்கல் டாட் கான்ஃப் என்ற பெயரில் வையுங்கள். எல்லாக் கணக்குக்கும் பொருந்தும்.

அடுத்து சிஸ்டம் செட்டிங்ஸ் → ஃபான்ட் செலக்‌ஷன். இயல்பு எழுத்துருவை நோட்டோ சான்ஸ் என்று மாற்றுங்கள். ஆங்கிலமும் தமிழும் ஒரே குடும்பத்தில் இருந்தால் கோட்டின் தடிமன் ஒத்துப்போகும், உபுண்டுவோடு சேரும்போது அது இருக்காது. அளவு: மெனு ஆங்கிலத்தில் என்றால் 10 பாயின்ட் போதும், முழுத் தமிழ் மெனு என்றால் 11. 96 டிபிஐ திரையில் 10 பாயின்ட் என்பது 13.3 பிக்சல், 11 என்பது 14.7 பிக்சல். அந்த 1.3 பிக்சலில்தான் 'ணை', 'னை' வித்தியாசம் தெரிவதும் தெரியாததும் இருக்கிறது. டைட்டில் பார் எழுத்துருவையும் அதே குடும்பம், அதே அளவு ஆக்குங்கள்.

அதே பக்கத்தில் கீழே ஹிண்டிங் (எழுத்தைப் பிக்சல் கட்டத்தில் பொருத்துவது), ஆன்டிஅலியாசிங் (விளிம்பை மென்மையாக்குவது) என்று இரண்டு இருக்கும். ஹிண்டிங் 'ஸ்லைட்' போதும். 'ஃபுல்' போட்டால் ஆங்கிலம் கூர்மையாகும், தமிழின் வளைவுகள் கோணலாகும். ஆன்டிஅலியாசிங்கை 'கிரேஸ்கேல்' ஆக்குங்கள். ஜிடிகே 4 செயலிகள் சப்பிக்சல் முறையில் (செட்டிங்ஸில் ஆர்ஜிபி என்று இருப்பது) எழுத்தை வரைவதில்லை, கிரேஸ்கேல் மட்டுமே. மற்ற செயலிகளை ஆர்ஜிபி-யில் விட்டால் ஒரு விண்டோவில் எழுத்து அடர்த்தியாகவும் இன்னொன்றில் வெளிறியும் தெரியும். அந்தக் குறைந்த பொதுத் தளத்துக்கு எல்லாவற்றையும் இறக்குவதுதான் ஒரே வழி. ஆர்ஜிபி கூர்மையை இழக்க வேண்டுமே என்று சிலர் வருத்தப்படுவார்கள். ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கண் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொள்ளும் களைப்பு அதைவிடப் பெரிது என்பது என் எண்ணம்.

சோதிக்க ஒரு ஃபோல்டர் போதும். 'ஸ்ரீ மூலிகை நூல் கூடு தீ ஞானி' என்று பெயர் வைத்து, பக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்தும் நான்கு எண்ணும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே ஏறும் சுழி, கீழே இறங்கும் வளைவு, புள்ளி எல்லாம் இந்த ஒரு வரியில் வந்துவிடும். இந்த ஃபோல்டரை ஐந்து செயலியின் 'ஓப்பன்' டயலாக்கிலும் திறந்து பாருங்கள். 'ஸ்ரீ'யின் மேல் சுழி வெட்டுப்பட்டாலோ 'மூ'வின் வால் அடுத்த வரியில் மறைந்தாலோ, அந்தச் செயலி மட்டும் இன்னும் யுஐ வகையை எடுக்கவில்லை என்று அர்த்தம்.

டிடிபி கடைக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்களை விட முடியாது, வாடிக்கையாளரின் பழைய ஃபைல்கள் அவற்றில்தான் இருக்கும். அவை ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்திருப்பவை. அதனால் லிப்ரே ஆபீஸின் எழுத்துருப் பட்டியலில் அவற்றின் பெயர் புரியாத தமிழ்க் கிறுக்கலாக வரும், எது எந்த எழுத்துரு என்று கண்டுபிடிக்க முடியாது. டூல்ஸ் → ஆப்ஷன்ஸ் → வியூ பக்கத்தில் எழுத்துரு முன்னோட்டம் காட்டும் டிக்கை எடுத்துவிட்டால் எல்லாப் பெயரும் ஒரே மெனு எழுத்தில் படிக்கும்படி வரும். இந்த எழுத்துருக்களை ஹோமில் டாட்-லோக்கல்/ஷேர்/ஃபான்ட்ஸ் அடைவுக்குள் தனி உள் அடைவில் வைத்துக்கொண்டால் பிற்பாடு களையெடுப்பதும் எளிது.

ஓப்பன் டயலாக்கும் ஓகே பட்டனும்

ஜிடிகே செயலிகளில் 'கேன்சல்' இடமும் 'ஓகே' வலமும் இருக்கும். கியூட்டி தன் இஷ்டத்துக்கு விட்டால் விண்டோஸ் வரிசையிலோ கேடிஇ வரிசையிலோ போடும், 'ஓகே' முதலில் வரும். ஃபைல் டயலாக்கும் வேறு: புக்மார்க் வைத்த ஃபோல்டர்கள் ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது. நிறத்தைவிட இதுதான் கையைத் தடுமாற வைக்கும்.

இதற்குப் பலரும் கியூட்டி5சிடி, குவாண்டம் என்று கியூட்டியின் தோற்றத்தை மாற்றும் கருவிகளை அடுக்கடுக்காக நிறுவுகிறார்கள். கடைக் கணினிக்கு அவ்வளவு வேண்டாம். க்யூடி5-ஜிடிகே-பிளாட்ஃபார்ம்தீம், க்யூடி6-ஜிடிகே-பிளாட்ஃபார்ம்தீம் என்ற இரண்டு பேக்கேஜையும் நிறுவி, க்யூடி அடிக்கோடு க்யூபிஏ அடிக்கோடு பிளாட்ஃபார்ம்தீம் என்ற சூழல் மாறிக்கு ஜிடிகே3 என்ற மதிப்பைக் கொடுங்கள். மாறியின் பெயர் முழுக்கப் பேரெழுத்தில், பிளாட்ஃபார்ம்தீம் ஒரே சொல்லாக. இந்த ஒரு வரியில் ஸ்க்ரைபஸ், விஎல்சி இரண்டுக்கும் ஜிடிகேயின் ஃபைல் டயலாக், நீங்கள் தேர்ந்த எழுத்துரு, அதே ஐகான் தொகுப்பு, 'ஓகே' வலப்பக்கம் என்ற பட்டன் வரிசை நான்கும் வந்துவிடும். பட்டனின் உருவம் மட்டும் கியூட்டியின் ஃப்யூஷன் பாணியில் இருக்கும். அது அடக்கமான சாம்பல் பாணி, உறுத்தாது.

இதில் தவறு நடக்கும் இடம் ஒன்றுதான். இந்த வரியை டாட்-பாஷ்ஆர்சி ஃபைலில் எழுதினால் டெர்மினலில் இருந்து திறக்கும்போது மட்டும் வேலை செய்யும். மெனுவில் இருந்து திறந்தால் பழைய முகமே வரும், ஏனென்றால் மெனு அந்த ஃபைலைப் படிப்பதில்லை. ஈடிசி அடைவில் என்விரான்மென்ட் என்ற ஃபைலில் எழுதுங்கள். அங்கே எக்ஸ்போர்ட் என்ற சொல் வேண்டாம், மாறி சமம் மதிப்பு, அவ்வளவே. லாக் அவுட் கட்டாயம். ஆப்இமேஜாக (எல்லாம் அடங்கிய ஒரே ஃபைலாக) இறக்கிய செயலி தன் கியூட்டியைத் தானே கொண்டுவரும். அதற்குள் ஜிடிகே ப்ளக்இன் இல்லையென்றால் இந்த வரி அதைத் தொடாது. ஸ்க்ரைபஸை ஆப்இமேஜாக அல்லாமல் களஞ்சியத்தில் இருந்து போடச் சொல்வது இதனால்தான்.

லிப்ரே ஆபீஸ் எதைக் கடன் வாங்கியிருக்கிறது என்று அறிய ஹெல்ப் → அபௌட் திறந்தால் விசிஎல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும். ஜிடிகே3 என்று இருந்தால் சரி. எக்ஸ்11 என்றோ க்யூடி5 என்றோ இருந்தால் லிப்ரேஆபீஸ்-ஜிடிகே3 பேக்கேஜை நிறுவுங்கள். எக்ஸ்11 என்பது எந்த டூல்கிட்டும் கிடைக்காதபோது அது தானே வரையும் பழைய முகம், மெனு எழுத்து அதில் பொடியாகத் தெரிவது வழக்கம்.

வெளிர் நிறமே

கருமை நிற டெஸ்க்டாப்தான் இப்போது எல்லோருக்கும் பிடிக்கிறது. கடைக்கு வேண்டாம் என்பேன், மூன்று காரணத்தால். சேலத்தின் செவ்வாய்ப்பேட்டை, குகை பகுதிகளில் ரோட்டைப் பார்த்த கடையில், ஷட்டர் திறந்தபடி, சித்திரை வெயில் திரையில் விழும்போது கருப்புத் திரை கண்ணாடி போல முகத்தைத்தான் காட்டும். இரண்டாவது தொழில்நுட்பக் காரணம்: மேலே சொன்ன ஜிடிகே3 வழியில் கியூட்டி 5 செயலிகள் ஜிடிகேயின் நிறங்களை எடுத்துக்கொள்வதில்லை. டெஸ்க்டாப் கருப்பானாலும் ஸ்க்ரைபஸ் வெள்ளையாகவே நிற்கும். மூன்றாவது, லிப்ரே ஆபீஸ் கருமை நிறத்தில் பக்கத்தையும் கருப்பாக்கி எழுத்தை வெள்ளையாகக் காட்டக்கூடும். அச்சில் எப்படி வரும் என்று ஆள் குழம்புவார்.

ஆகவே சிஸ்டம் செட்டிங்ஸ் → தீம்ஸ் பக்கத்தில் வெளிர் வகையைத் தேர்ந்து, டார்க் மோட் விருப்பத்தையும் வெளிர் என்றே குறியுங்கள். மின்ட் 22-ன் இயல்பு நிறம் அக்வா என்ற வெளிர் நீலம். அதை நீல வகைக்கு மாற்றுங்கள். ஃப்யூஷன் பாணியின் தேர்வு நிறம் நீலம், க்னோம் செயலிகள் பயன்படுத்தும் ஜிடிகே 4 தோற்ற நூலகமான லிப்அத்வைதாவின் இயல்பு நிறமும் நீலம். நீலத்துக்குப் போனால் மூன்று டூல்கிட்டும் தாமாகவே ஒத்துப்போகின்றன. ஒரு ஃபைலைத் தேர்ந்தால் எந்தச் செயலியிலும் அதே நீலப் பட்டை. முற்றிலும் ஒரே நீலம் இல்லைதான், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வித்தியாசம் தெரியும்.

ஜிம்ப் விதிவிலக்கு. அது இயல்பாகவே தன் கருமைத் தீமோடு வரும். எடிட் → ப்ரிஃபரன்ஸஸ் → இன்டர்ஃபேஸ் → தீம் பகுதியில் 'சிஸ்டம்' போட்டால் மற்றவற்றோடு ஒத்துப்போகும், 'கிரே' போட்டால் நடுச் சாம்பல் வரும். படத்தின் நிறம் திருத்தும் கணினியில் நான் 'கிரே'யைத்தான் பரிந்துரைப்பேன். சுற்றிலும் வெள்ளையாக இருந்தால் படம் இருண்டதாகவும், கருப்பாக இருந்தால் பிரகாசமாகவும் கண் தப்பாகக் கணிக்கும். மணமக்கள் ஃபோட்டோவில் முக நிறம் திருத்துகிறவருக்கு இது முக்கியம். ஒருமைக்காக வேலையின் சரித்தன்மையை விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் இது ஒன்று.

டைட்டில் பார்

சாதாரணச் செயலிகளுக்கு டைட்டில் பாரை வரைவது டெஸ்க்டாப். க்னோம் வழிச் செயலிகள் தாங்களே வரைந்துகொண்டு, அதற்குள்ளேயே பட்டன்களையும் வைத்துக்கொள்ளும். அந்தப் பட்டை ஏறத்தாழ 46, 47 பிக்சல் உயரம் வரும். 768 பிக்சல் உயரத் திரையில் அது பெரிய இழப்பு. அதைவிட, மெனு இருக்கும் இடமே மாறிவிடுகிறது.

2021 கடைசியில் லிப்அத்வைதா வந்தது. 2022 மார்ச்சில் க்னோம் 42 முதல் அதன் சொந்தச் செயலிகள் அதற்கு மாறத் தொடங்கின. லிப்அத்வைதா வெளியிலிருந்து தரும் தீமை ஏற்பதில்லை, அதன் தோற்றம் உள்ளேயே பதிந்தது. செயலி எழுதுகிறவர் பக்கம் இதற்கு நியாயம் உண்டு. ஏதோ ஒரு தீம் பட்டனை உடைத்துவிட்டால் பழி செயலிக்கு வருகிறது, பக் ரிப்போர்ட்டும் அவர்களுக்கே போகிறது. 2019-லேயே பல டெவலப்பர்கள் சேர்ந்து, டிஸ்ட்ரோக்கள் (மின்ட், உபுண்டு போன்ற லினக்ஸ் தொகுப்புகள்) தங்கள் செயலிகளுக்குத் தீம் போட வேண்டாம் என்று திறந்த கடிதம் எழுதினார்கள். அந்தக் கவலையை மதிக்கிறேன். ஆனாலும் கணினியை நாள் முழுக்கப் பயன்படுத்துகிறவர் பக்கம் நின்று பார்த்தால், ஒவ்வொரு செயலியும் தன் முகத்தோடு வந்து உட்காருவது அவருக்குச் சுமைதான்.

மின்ட் எடுத்த நிலை எனக்குப் பிடித்திருக்கிறது. 2016-ல் எக்ஸ்ஆப் திட்டத்தைத் தொடங்கி, மெனு பார் உள்ள பழைய பாணிச் செயலிகளைத் தானே பராமரிக்கிறது. மின்ட் 22-ல் கால்குலேட்டர், சிம்பிள் ஸ்கேன், ஃபைல் ரோலர் போன்றவற்றை லிப்அத்வைதாவுக்கு மாறும் முன்பிருந்த ஜிடிகே 3 பதிப்பிலேயே நிறுத்தியது. 2025-ல் வந்த 22.2-ல் லிப்அத்வைதாவையே தீம் ஏற்கும்படி திருத்திச் சேர்த்தது. கடைக்கு மின்ட்டைச் சொல்வதற்கு இதுதான் எனக்கு முதல் காரணம்.

நீங்கள் செய்ய வேண்டியது குறைவு. ஃபயர்ஃபாக்ஸில் டூல்பாரில் ரைட் க்ளிக் → கஸ்டமைஸ் டூல்பார் → கீழே இடது மூலையில் 'டைட்டில் பார்' டிக். க்ரோம் என்றால் செட்டிங்ஸ் → அப்பியரன்ஸில் சிஸ்டம் டைட்டில் பார் என்பதையும், பக்கத்திலேயே ஜிடிகே என்பதையும் தேர்ந்தெடுங்கள். எல்லா ஜிடிகே 3 செயலியின் சொந்தப் பட்டையையும் வலுக்கட்டாயமாக நீக்கும் நோசிஎஸ்டி என்ற நூலகம் ஒன்று உண்டு. அதைப் போடாதீர்கள். எல்லாச் செயலிக்குள்ளும் நுழைந்து வேலை செய்வதால் சில செயலிகள் திறக்கும்போதே விழுந்துவிடும், காரணம் கண்டுபிடிக்கவும் முடியாது.

கர்சர், ஐகான்

கர்சர் ஒரு விண்டோவில் பெரிதாகவும் அடுத்ததில் சிறிதாகவும் ஆனால், செட்டிங்ஸில் தேர்ந்த தீமும் ஐகான்ஸ்/டிஃபால்ட் அடைவில் இருக்கும் இன்டெக்ஸ் டாட் தீம் ஃபைலில் இன்ஹெரிட்ஸ் வரியில் எழுதிய பெயரும் வேறாக இருக்கிறது என்று பொருள். அந்த வரியில் அதே பெயரை எழுதுங்கள், அளவை 24 என்றே விடுங்கள்.

ஐகான் தொகுப்பு எதைப் போட்டாலும் அதில் இல்லாத ஐகான் ஹைகலர் என்ற பொதுத் தொகுப்பில் இருந்துதான் வரும். அதனால்தான் ஒன்றிரண்டு மட்டும் அந்நியமாகத் தெரியும். தீம் மாற்றியும் ஒரு செயலியின் ஐகான் மாறவே இல்லையென்றால் அதன் டெஸ்க்டாப் ஃபைலைத் திறந்து ஐகான் என்ற வரியைப் பாருங்கள். பெயருக்குப் பதில் முழுப் பாதை எழுதியிருப்பார்கள். அந்த ஃபைலை ஹோமில் டாட்-லோக்கல்/ஷேர்/அப்ளிகேஷன்ஸ் அடைவுக்கு நகலெடுத்து, வரியில் வெறும் பெயரை எழுதினால் போதும். மூலத்தைத் திருத்தினால் அடுத்த அப்டேட்டில் போய்விடும்.

தீம், ஐகான், கர்சர் எதை இறக்கினாலும் ஹோமில் வைக்காமல் யுஎஸ்ஆர்/ஷேர் அடியில் வையுங்கள். சினாப்டிக், ஜிபார்ட்டட் போல ரூட் உரிமையில் ஓடுபவை உங்கள் ஹோமைப் பார்ப்பதில்லை. அவை மட்டும் பழுப்பேறிய பழைய முகத்தோடு வருவதற்குக் காரணம் அதுதான்.

மலை மேல்

ஏற்காட்டில் நாகலூர், வெள்ளக்கடை பக்கம் எஸ்டேட் ஆபீஸுக்கோ பள்ளிக்கோ அமைப்பதென்றால் ஃப்ளாட்பேக்கை (செயலியைத் தனிப் பெட்டிக்குள் வைத்துத் தரும் முறை) கூடியவரை தவிருங்கள். ஒரு சின்னச் செயலிக்கும் அதன் ரன்டைமாக, அதாவது அடிப்படை நூலகத் தொகுப்பாக, சில நூறு எம்பி இறங்கும். க்னோம் ரன்டைம் வேறு, கேடிஇ ரன்டைம் வேறு. பனி இறங்கினால் சிக்னலும் இறங்கும் இடத்தில் அது நடக்காத காரியம். அதைத் தவிர்ப்பது தோற்றத்துக்கும் நல்லது: களஞ்சியத்தில் இருந்து வரும் செயலிகள் ஒரே டூல்கிட் நூலகத்தைப் பகிர்வதால் ஒரே முகத்தோடு வரும். ஃப்ளாட்பேக் செயலி தன் பெட்டிக்குள் இருந்து உங்கள் ஜிடிகே தீமைப் பார்க்க முடியாது. அதே பெயரில் தீம் எக்ஸ்டென்ஷன் ஃப்ளாட்ஹப்பில் (ஃப்ளாட்பேக் செயலிகளின் இணையக் களஞ்சியம்) இருந்தால் அதைத் தனியாக நிறுவ வேண்டும், பெயர் ஒரு எழுத்து மாறினாலும் இயல்புத் தோற்றத்துக்குப் போய்விடும். எழுத்துருவையும் ஐகானையும் மட்டும் அது பார்க்கும்.

கீழே சேலத்தில் ஒரு கணினியில் எல்லாவற்றையும் சரிசெய்து, பென் டிரைவில் எடுத்துக்கொண்டு மேலே போவதுதான் எளிய வழி. டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸைச் சேமித்து வைப்பது டிகான்ஃப்; அதன் டிகான்ஃப் டம்ப் கட்டளையில் ஆர்க்/சினமன் என்ற பாதையைக் கொடுத்து ஒரு ஃபைலில் சேமியுங்கள். ஆர்க்/க்னோம்/டெஸ்க்டாப்/இன்டர்ஃபேஸ், ஆர்க்/எக்ஸ்/ஆப்ஸ் இரண்டுக்கும் தனித்தனி ஃபைல். வெளிர்-கருமை விருப்பம் கடைசிப் பாதையில் இருப்பதால் அதை விட்டுவிட்டால் பாதி செயலி வேறு நிறத்தில் வரும். மறு கணினியில் அதே பாதையோடு டிகான்ஃப் லோட். பாதையின் முதலிலும் கடைசியிலும் சாய்கோடு இருக்க வேண்டும், இல்லையென்றால் கட்டளை பிழை சொல்லும். இதோடு ஈடிசியில் திருத்திய லோக்கல் டாட் கான்ஃப், என்விரான்மென்ட் இரண்டும். மாணவர்கள் மாற்றிவிடுவார்கள் என்று பயந்தால் டிகான்ஃபின் லோக்கல் டேட்டாபேஸில் எழுத்துரு, தீம் இரண்டையும் மட்டும் லாக் செய்யலாம். வால்பேப்பரை லாக் செய்யாதீர்கள். அது அவர்கள் உரிமை.

எல்லாம் முடிந்ததும் ஐந்து செயலியின் ஓப்பன் டயலாக்கையும் திறந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கொலுசு ஜோடி சரிபார்ப்பது போல இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுத்தின் உயரம், 'ஓகே' இருக்கும் பக்கம், தேர்வு நிறம், டைட்டில் பார் உயரம், அந்தச் சோதனை ஃபோல்டரின் 'ஸ்ரீ'. எது ஒத்துவரவில்லையோ அந்தச் செயலியின் டூல்கிட் எது என்று பார்த்தால் எங்கே திருத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பெரிய அப்கிரேடுக்குப் பிறகு இதே ஸ்க்ரீன்ஷாட்டுகளை மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள். யாராவது ஹோமின் டாட்-கான்ஃபிக் உள்ளே ஜிடிகே-4.0 அடைவில் ஜிடிகே டாட் சிஎஸ்எஸ் என்ற ஃபைலை வைத்து லிப்அத்வைதாவுக்கு நிறம் மாற்றியிருந்தால், அப்கிரேடுக்கு முன்பே அதை வேறு பெயருக்கு மாற்றிவிடுங்கள். உள்ளே உள்ள நிறப் பெயர்கள் பதிப்புக்குப் பதிப்பு மாறும். அப்போது வெள்ளைப் பட்டனில் வெள்ளை எழுத்து வந்து நிற்கும்.